லிஸ்ட் அனுப்பு ப்ரோ

"அக்டோபர் கடைசில திரியெஸ்தே போறேன் ப்ரோ. ரெண்டு நாள்தான். நீ அங்க இருந்திருக்கேல்ல? பண்ண வேண்டியதெல்லாம் ஒரு லிஸ்டா அனுப்பு."

என் பழைய டீமில் இருந்த நண்பன் அனுப்பிய செய்தி. இப்போது மியூனிக்கில் வேலை பார்க்கிறான். நல்ல வாசகன், இந்த மாதிரி இதழ்களை விடாமல் படிக்கிறவன். நான் உடனே பதில் டைப் செய்ய ஆரம்பித்தேன். கடகடவென்று பத்து வரி வந்துவிட்டது. அனுப்பும் முன் ஒருமுறை படித்துப் பார்த்தேன். படித்ததும் அழித்துவிட்டேன்.

ஏன் அழித்தேன் என்று அவனுக்கு வாட்ஸப்பில் சொல்ல வரவில்லை. அதற்குத்தான் இவ்வளவு நீளமான கட்டுரை.

திரியெஸ்தே தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இத்தாலியின் வடகிழக்கு மூலையில், ஸ்லோவேனிய எல்லையை ஒட்டி, அட்ரியாட்டிக் கடலின் உச்சியில் இருக்கும் துறைமுக நகரம். 1382இலிருந்து 1918 வரை ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் கையில் இருந்தது. 1719இல் அங்கே சுங்கமில்லாத் துறைமுகம் அறிவிக்கப்பட்டது. அதன்பின் இத்தாலியர், ஸ்லோவேனியர், ஜெர்மானியர், கிரேக்கர், செர்பியர், யூதர் என்று எல்லாரும் வந்து குடியேறினார்கள். முதல் உலகப்போருக்குப் பிறகு இத்தாலி. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு, 1947 முதல் 1954 வரை, யாருக்கும் சொந்தமில்லாத 'சுதந்திரப் பிரதேசம்'. அதற்கப்புறம் மறுபடி இத்தாலி.

2023 இலையுதிர் காலத்தில் மூன்று வாரம் அங்கே இருந்தேன். சரக்குக் கப்பல் தொடர்பான ஒரு மென்பொருள் வேலை. பகலில் மீட்டிங், மாலையில் ஊர் சுற்றல்.

சரி, அழித்த லிஸ்டில் என்ன இருந்தது?

ஒன்று, பியாட்சா உனித்தா சதுக்கம். மூன்று பக்கம் அரண்மனை மாதிரிக் கட்டடங்கள், நான்காவது பக்கம் நேராகக் கடல். இரண்டு, மோலோ அவுதாச்சே என்ற கல் பாலம். கடலுக்குள் 200 மீட்டருக்கு மேல் நீள்கிறது, சூரியன் மறைவதைப் பார்க்க அதைவிட நல்ல இடமில்லை. மூன்று, கஃபே சான் மார்கோ, 1914இல் திறந்தது. நான்கு, ஜேம்ஸ் ஜாய்ஸ் சிலை. ஐந்து, கவிஞர் உம்பெர்த்தோ சாபாவின் பழைய புத்தகக் கடை. ஆறு, மிராமாரே கோட்டை. ஏழு, அக்டோபர் இரண்டாம் ஞாயிறு நடக்கும் பார்கொலானா பாய்மரப் போட்டி. 1969இல் 51 படகுகளோடு தொடங்கிய போட்டி அது, 2018இல் 2,689 படகுகள் கலந்துகொண்டு உலக சாதனை. எட்டு, ஊருக்கு மேலே கார்ஸ்ட் என்ற சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம், அங்கே இலையுதிர் காலத்தில் ரத்தச் சிவப்பாகும் சொமாக்கோ செடிகள். ஒன்பது, அந்த மேட்டில் விவசாயிகள் வீட்டு முற்றத்திலேயே தங்கள் ஒயினை விற்கும் ஒஸ்மிட்சாக்கள். பத்து, காபி. அங்கே எஸ்பிரெஸ்ஸோவுக்கு 'நேரோ' என்று பெயர். 'கபோ இன் பி' என்று கேட்டால் சின்னக் கண்ணாடிக் கிளாஸில் பால் கலந்து வரும். கேட்டுப் பழகிவிட்டால் ஊர்க்காரன் மாதிரி ஒரு நினைப்பு வந்துவிடும்.

இதில் ஒரு வரிகூடப் பொய் கிடையாது. எல்லாமே அழகான விஷயங்கள். எல்லாவற்றையும் நானே செய்து சந்தோஷப்பட்டிருக்கிறேன். அப்புறம் என்ன பிரச்சினை?

முதலில் லிஸ்ட் கேட்கிறவர்கள் பக்கம் பேசிவிடுகிறேன். ஏனென்றால் லிஸ்டைத் திட்டுவது ரொம்பச் சுலபம். 'பயணம் என்பது தொலைந்துபோவது' என்று ஒரு வரி போட்டு, மழையில் நனைந்த கல்தெரு போட்டோ ஒன்றைச் சேர்த்தால் இன்ஸ்டாவில் ஆயிரம் லைக் வாங்கலாம். தொலைந்துபோவதற்கு நேரம் வேண்டும், காசு வேண்டும், பாஸ்போர்ட்டின் நிறமும் சரியாக இருக்க வேண்டும். நம்ம ஆள் ஒரு ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட், லீவு லெட்டர், ஹோட்டல் புக்கிங் என்று ஒரு கட்டுக் காகிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறவன். வருஷத்துக்கு ஐந்து நாள் லீவு. அவனிடம் போய் 'திட்டமிடாதே, காற்று போகிற திசையில் போ' என்று உபதேசம் பண்ண எனக்கு உரிமை கிடையாது. நானும் எக்செல் ஷீட் போட்டுப் பயணம் போகிற ஜாதிதான்.

ஆக, திட்டம் போடுவதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. என் சண்டை வேறு.

லிஸ்ட் ஒரு இடத்துக்கு ஒரு அர்த்தம்தான் கொடுக்கிறது. சதுக்கம் என்றால் அழகு. பாலம் என்றால் சூரியாஸ்தமனம். கஃபே என்றால் இலக்கியம். ஒரு வரி, ஒரு போட்டோ, ஒரு டிக் மார்க். எங்கள் தொழிலில் இதற்கு 'ஹேப்பி பாத்' என்று பெயர். எல்லாம் சரியாகப் போனால் புரோகிராம் சரியாக ஓடுகிறதா என்று மட்டும் சோதித்துவிட்டு, 'டெஸ்டிங் முடிஞ்சது சார்' என்று சொல்வது. அப்படிச் சொல்கிற ஜூனியரை நாங்கள் லேசில் விடமாட்டோம். ஆனால் ஊர்களை மட்டும் ஹேப்பி பாத்திலேயே பார்த்துவிட்டு வந்து, 'இத்தாலி முடிச்சாச்சு மச்சி' என்கிறோம்.

வேறு ஊர்களில் இதனால் பெரிய சேதம் இல்லாமல் இருக்கலாம். திரியெஸ்தேயில் சேதம் உண்டு. அங்கே ஒவ்வொரு இடத்துக்கும் குறைந்தது இரண்டு அர்த்தம். லிஸ்டில் வருவது எப்போதும் அதில் ஒன்றுதான், பெரும்பாலும் ஹாப்ஸ்பர்க் காலத்து இனிப்பான பாதி.

எனக்கு இது புரிந்தது என் லிஸ்டின் முதல் வரியிலும் ஐந்தாவது வரியிலும்.

அந்த அழகான சதுக்கத்தில்தான், 1938 செப்டம்பர் 18 அன்று, இலையுதிர் காலத்தின் வாசலில், முசோலினி பெரும் கூட்டத்தின் முன் நின்று யூதர்களுக்கு எதிரான இனச் சட்டங்களை அறிவித்தார். ஐரோப்பாவின் மிகப் பெரிய யூதக் கோயில்களில் ஒன்று இருக்கும் ஊரில் வந்து, அந்த ஊர்க்காரர்கள் முகத்துக்கு நேராக. சாபாவின் கடை அங்கிருந்து ஐந்து நிமிட நடை, சான் நிக்கொலோ தெரு 30ஆம் எண். ஜாய்ஸும் 1905இல் அதே கட்டடத்தில் மேல்மாடியில் குடியிருந்தார். அவர் மகன் பிறந்தது அங்கேதான். சாபா 1919இல் கடையை வாங்கினார். அவருடைய தாய் யூதர். சட்டம் வந்ததும் கடையைத் தன் உதவியாளர் பெயருக்கு மாற்ற வேண்டியதாயிற்று. 1943இல் ஜெர்மானியர்கள் வந்தபின் ஃப்ளோரன்ஸுக்குப் போய் வீடு மாற்றி வீடு ஒளிந்து வாழ்ந்தார்.

சதுக்கத்தில் ஒருவன் சொன்ன வார்த்தை ஐந்து நிமிட நடைத் தூரத்தில் இருந்த ஒரு பழைய புத்தகக் கடைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. என் லிஸ்டில் அவை முதல் வரி, ஐந்தாம் வரி. நடுவில் காபி, சூரியாஸ்தமனம், ஒரு வெண்கல ஜாய்ஸ். இரண்டையும் இணைக்கிற கோட்டை நான் போடவே இல்லை. இடங்களைத் தனித்தனியாகப் பிரித்து நம்பர் போட்டுவிட்டால் அந்தக் கோடு தானாக அழிந்துவிடுகிறது. லிஸ்ட் என்ற வடிவம் செய்கிற வேலையே அதுதான்.

இன்னொன்று. அந்தச் சூரியாஸ்தமனப் பாலம். 1740இல் துறைமுகத்தில் மூழ்கிய 'சான் கார்லோ' என்ற கப்பலின் சிதிலத்தின் மேல் கட்டியது. பல காலம் அந்தப் பெயர்தான் இருந்தது. 1918 நவம்பர் 3 அன்று 'அவுதாச்சே' என்ற இத்தாலியப் போர்க்கப்பல் அங்கே வந்து நின்றது. அந்த ஊர் இத்தாலியர்களுக்கு அது விடுதலை. பாலத்தின் பெயரே மாறியது. அதே ஊரில் தலைமுறைகளாக வாழ்ந்த ஸ்லோவேனியர்களுக்கு?

இரண்டு வருஷத்துக்குள் அதற்குப் பதில் வந்தது. ஊரின் நடுவில் 'நரோத்னி தோம்' என்ற ஸ்லோவேனியர்களின் மக்கள் மாளிகை இருந்தது. 1904இல் மாக்ஸ் ஃபாபியானி என்ற கட்டடக் கலைஞர் கட்டியது. தியேட்டர், வங்கி, ஹோட்டல், கஃபே எல்லாம் ஒரே கூரையின் கீழ். 1920 ஜூலை 13 அன்று பாசிஸ்டுகள் அதைக் கொளுத்தினார்கள். அதன்பின் பள்ளிகளில் ஸ்லோவேனிய மொழி போயிற்று. குடும்பப் பெயர்கள் இத்தாலியப் பெயர்களாக மாற்றப்பட்டன. அந்தத் தீயை நேரில் பார்த்தவர்களில் ஏழு வயதைக்கூட எட்டாத ஒரு பையன் இருந்தான். பெயர் போரிஸ் பஹோர். பின்னாளில் நாஜி முகாம்களிலிருந்து உயிரோடு திரும்பி, கடைசிவரை ஸ்லோவேனிய மொழியிலேயே எழுதி, 2022இல் தன் 108ஆம் வயதில் இறந்தார்.

இங்கே நம்ம ஆட்களிடம் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. தமிழில் திரியெஸ்தே பற்றிப் பேசினால் ஜாய்ஸ் வருவார், பக்கத்தில் இருக்கும் துயினோ கோட்டையை வைத்து ரில்கே வருவார், ரொம்பப் படித்தவராக இருந்தால் ஸ்வேவோ வருவார். பஹோர் வரமாட்டார். மொழிக்காக வீட்டுச் சுவரில் எழுதிய, ரயில் மறித்த பரம்பரை நாம். தாய்மொழியின் வீடு எரிவதைக் கண்ணால் பார்த்து, நூறு வயதுக்குப் பிறகும் அந்த மொழியிலேயே நின்ற ஒரு மனிதனை நாம்தான் முதலில் தேடிப் போயிருக்க வேண்டும். நாம் போவது வெண்கல ஜாய்ஸின் தோளில் கைபோட்டுப் போட்டோ எடுக்க. ஏன் என்றால், ஆங்கிலத்தில் வந்த லிஸ்டில் ஜாய்ஸ்தான் இருந்தார். இலக்கிய வாசகன் என்று நம்மை நாமே தட்டிக்கொடுத்துக்கொள்கிறோம். கையில் இருப்பது அதே டூரிஸ்ட் லிஸ்ட், அட்டைதான் கொஞ்சம் தரமானது.

எனக்கும் இதே வியாதி. கஃபே சான் மார்கோவில் முதல் நாள் போய் உட்கார்ந்தது எதற்கு? அங்கே கிளாவ்தியோ மாக்ரிஸ் உட்கார்ந்து எழுதுவார் என்று படித்திருந்தேன். மரப்பலகைச் சுவர், பளிங்கு மேஜை, உள்ளேயே ஒரு புத்தகக் கடை. லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நானும் ஏதோ எழுத்தாளன் மாதிரி ஒரு மணி நேரம் இருந்தேன். சுகமாகத்தான் இருந்தது.

அந்த கஃபேயிலிருந்து கால் மணி நேரம் நடந்தால் ரயில் நிலையம். அதை ஒட்டி 'சிலோஸ்' என்ற பிரம்மாண்டமான பழைய கட்டடம். ஹாப்ஸ்பர்க் காலத்துத் தானியக் கிடங்கு. முன்பகுதியைச் சரிசெய்து கார் பார்க்கிங், பஸ் நிலையம் ஆக்கியிருக்கிறார்கள். பின்பகுதி கூரை இல்லாத சிதிலம்.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு இஸ்திரியா, தால்மேஷியா பகுதிகள் யூகோஸ்லாவியாவுக்குப் போனபோது, அங்கே வாழ்ந்த இத்தாலியர்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பி வந்தார்கள். இரண்டரை லட்சத்திலிருந்து மூன்றரை லட்சம் பேர் வரை இருக்கும் என்று சொல்லப்படுகிறது. அவர்களில் பலரை இந்தச் சிலோஸில் தங்க வைத்தார்கள். தட்டி வைத்துப் பிரித்த சின்னச் சின்ன அறைகள், வெளிச்சம் வராத தளங்கள், ஆயிரக்கணக்கான பேரின் சமையல் வாசனை. ஃபியூமே நகரத்திலிருந்து வந்த ஒரு சிறுமி அங்கேதான் வளர்ந்தாள். அவள் பெயர் மரீசா மதியேரி. பெரியவளானதும் அந்த வாழ்க்கையை 'வெர்தே ஆக்வா' என்ற புத்தகமாக எழுதினாள், 1987இல் வெளிவந்தது. அவள் கணவர்தான் கிளாவ்தியோ மாக்ரிஸ்.

கணவர் எழுதிய கஃபே எல்லா லிஸ்டிலும் இருக்கிறது. மனைவி வளர்ந்த கட்டடம் ஒன்றிலும் இல்லை.

அந்த அகதிகள் கொண்டுவந்து, பிறகு தூக்கிக்கொண்டு போக முடியாமல் விட்டுச்சென்ற சாமான்கள் பழைய துறைமுகத்தில் 18ஆம் எண் கிடங்கில் பல ஆண்டுகள் இருந்தன. மலை மாதிரி நாற்காலிகள், பீரோக்கள், பள்ளி நோட்டுகள், யாருடையது என்று தெரியாத குடும்பப் படங்கள். சொந்தக்காரர் பெயரும் எண்ணும் எழுதிய கட்டில்கள். இன்று அவை தேசத்தின் நினைவுச் சொத்து. பாதுகாத்தது சரி, பாதுகாக்கத்தான் வேண்டும்.

ஆனால் நான் போன 2023இல் அதே சிலோஸில் மறுபடி ஆட்கள் இருந்தார்கள். ஆப்கானிஸ்தானிலிருந்து, பாகிஸ்தானிலிருந்து, வங்கதேசத்திலிருந்து பால்கன் நாடுகளைக் கடந்து நடந்து வந்த பையன்கள். சேற்றில் டென்ட். கழிப்பறை கிடையாது. முன்பக்கம் டூரிஸ்ட் பஸ் வந்து நிற்கும், பின்பக்கம் இவர்கள். அந்த அக்டோபர் 21ஆம் தேதிதான் இத்தாலி ஸ்லோவேனிய எல்லையில் மறுபடி சோதனையைக் கொண்டுவந்தது. 2024 ஜூனில் சிலோஸைக் காலி செய்தார்கள். முதல் அகதிகளின் நாற்காலிகளுக்கு ஒரு கூரை கிடைத்தது. அதே கட்டடத்துக்கு வந்த இரண்டாவது அகதிகளுக்குக் கூரை இல்லாத பாதிதான்.

ரயில் நிலையத்துக்கு எதிரே பியாட்சா லிபெர்த்தா. சுதந்திரச் சதுக்கம். நடுவில் ஆஸ்திரிய மகாராணி எலிசபெத்தின் சிலை. 'சிசி சிலை' என்று லிஸ்டுகளில் வரும். மாலை ஆனதும் அந்தச் சிலைக்குக் கீழே சில ஊர்க்காரர்கள், பெரும்பாலும் வயதானவர்கள், ஒரு சின்ன வண்டியில் மருந்துப் பெட்டியோடு வருவார்கள். பெஞ்சில் பையன்களை உட்கார வைத்துக் காலைக் கழுவிக் கட்டுப்போடுவார்கள். வாரக்கணக்காக நடந்த கால்கள். எனக்கு பஸ் அங்கிருந்துதான். முதல் சில நாட்கள் போனைப் பார்த்தபடி கடந்து போனேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் நடந்தது அதுதான். என் தோல் நிறத்தைப் பார்த்து யாராவது என்னையும் அவர்களில் ஒருவன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். கழுத்தில் ஆபீஸ் ஐடி கார்டை வெளியே தெரியும்படி போட்டுக்கொண்டு நடந்த ஆள் நான்.

ஒரு மாலை, இருபது வயதுகூட இருக்காத ஒரு பையன் நேராக என்னிடம் வந்தான். பாகிஸ்தான் பஞ்சாப் பக்கம். அவன் உருதுவும் பெங்களூரில் கற்ற என் அரைகுறை இந்தியும் எப்படியோ பேசிக்கொண்டன. "பாய்ஜான், நீ எந்தப் பக்கமா வந்த? எத்தனை நாள் நடந்த?" என்று கேட்டான். நான் பிளேனில் வந்தேன் என்று சொன்னதும் சிரித்துவிட்டான். மிலானுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும், மிஷினில் வரவில்லை, உதவ முடியுமா என்றான். எடுத்துக் கொடுத்தேன். நன்றிக்குப் பதிலாக ஒரு விஷயம் காட்டுகிறேன் என்று போனை நீட்டினான்.

மோலோ அவுதாச்சே. சூரியாஸ்தமனம். கை நீட்டி எடுத்த செல்ஃபி. பின்னால் ஆரஞ்சு வானம், படகுகள். முடியைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தான். "அம்மாவுக்கு அனுப்பினேன். இத்தாலில நல்ல இடத்துல இருக்கேன்னு சொல்லியிருக்கேன்."

என் போனிலும் அதே படம் இருந்தது. அதே பாலம், அதே வெளிச்சம், கிட்டத்தட்ட அதே கோணம்.

செல்ஃபி எடுக்கிறவர்களைப் பற்றி அதுவரை என்னிடம் ரெடிமேடாக இருந்த நக்கல் எல்லாம் அன்று தொலைந்தது. அவனும் ஹேப்பி பாத்தைத்தான் அம்மாவுக்குக் காட்டினான். மறைத்து வைத்த மறுபாதி என்ன என்று தெரிந்து, அம்மா தூங்க வேண்டும் என்பதற்காகக் காட்டினான். நான் காட்டியது அப்படி ஒரு பாதி இருக்கிறது என்றே தெரியாமல். படம் ஒன்றுதான். பொறுப்பு வேறு.

இந்த ஊர் கல்நெஞ்சு ஊர் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கால் கட்டுப்போட வந்தவர்களும் அதே ஊர்தான். 1971இல் ஃப்ராங்கோ பசாலியா என்ற மனநல மருத்துவர் இங்கேயிருந்த சான் ஜொவான்னி மனநல மருத்துவமனைக்கு இயக்குநராக வந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே பூட்டி வைக்கப்பட்டிருந்தார்கள். 1973இல் நோயாளிகளும் கலைஞர்களும் ஊழியர்களும் சேர்ந்து ஒரு பெரிய நீலக் குதிரை செய்தார்கள், பெயர் மார்கோ கவால்லோ. மருத்துவமனைத் துணி வண்டியை இழுத்துக்கொண்டிருந்த ஒரு நிஜக் குதிரையின் பெயர். ஊர்வலமாகத் தெருவுக்குக் கொண்டுபோகப் பார்த்தால், வாசலில் நுழையவில்லை. வாசலை உடைத்துக்கொண்டு வெளியே போனார்கள். 1978இல் மனநல மருத்துவமனைகளை மூடும் சட்டம் நாடு முழுவதற்கும் வந்தது. இன்று அந்த வளாகம் ரோஜாத் தோட்டத்தோடு ஒரு பூங்கா, யாரும் போகலாம். இதுவும் பெரும்பாலான லிஸ்டுகளில் இல்லை. ஆக, லிஸ்ட் இருட்டை மட்டும் மறைப்பதில்லை, ஊர் செய்த நல்லதையும் சேர்த்தே மறைக்கிறது.

டூரிஸ்ட்டுகள் மட்டும் லிஸ்ட் போடுகிறார்கள் என்றும் இல்லை. ஊர்க்காரர்களிடமும் லிஸ்ட் உண்டு, அது இன்னும் ஆபத்தானது. ஊரின் தென்புறம் கால்பந்து மைதானத்துக்குப் பக்கத்தில் சான் சப்பா இருக்கிறது. நெல் குத்தும் ஆலையாக இருந்த இடத்தை 1943இல் நாஜிகள் முகாம் ஆக்கினார்கள். இத்தாலி மண்ணில் எரிமேடையோடு இருந்த நாஜி முகாம் அது. 3,000த்திலிருந்து 5,000 பேர் வரை அங்கே கொல்லப்பட்டதாகக் கணக்கிடுகிறார்கள். ஊருக்கு மேலே கார்ஸ்ட்டில் பாசோவிட்சா. 1943இலும் 1945இலும் யூகோஸ்லாவியத் தரப்பினர் ஆட்களைக் கொன்று சுண்ணாம்புக்கல் குழிகளில் வீசினார்கள். அந்தக் குழிகளுக்கு 'ஃபோய்பே' என்று பெயர். ஒரு தரப்பு முதல் இடத்தை மட்டும் லிஸ்டில் வைத்தது, மறுதரப்பு இரண்டாவதை மட்டும். பல பத்தாண்டுகள் இரண்டு பேரும் அவரவர் குழிக்கு மட்டும் மாலை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

2020 ஜூலை 13 அன்று, நரோத்னி தோம் எரிந்து சரியாக நூறு வருஷம் கழித்து, இத்தாலிய ஜனாதிபதி மத்தரெல்லாவும் ஸ்லோவேனிய ஜனாதிபதி போருத் பஹோரும் ஒன்றாக வந்தார்கள். பாசோவிட்சா குழியின் முன் கைகோத்து நின்றார்கள். அங்கே முடித்துக்கொள்ளாமல், அதே பாசோவிட்சாவில் 1930இல் பாசிச அரசு சுட்டுக்கொன்ற நான்கு ஸ்லோவேனிய இளைஞர்களின் நினைவிடத்துக்கும் போய் நின்றார்கள். பிறகு ஊருக்குள் வந்து மக்கள் மாளிகையை ஸ்லோவேனியர்களிடம் திருப்பித் தரும் ஒப்பந்தம். அன்றைக்கு கௌரவிக்கப்பட்டவர்களில் அந்த 106 வயது எழுத்தாளரும் ஒருவர். (ஜனாதிபதிக்கும் அவருக்கும் குடும்பப் பெயர் மட்டும்தான் ஒன்று.)

அரசியல்வாதிகளின் கைகோப்பை நான் அவ்வளவு சீக்கிரம் நம்பிவிடுகிறவன் இல்லை. ஆனால் அந்த ஒரு நாள் பயணத் திட்டத்தைப் போட்டவர் யாரோ, அவருக்கு ஊரைப் பார்க்கத் தெரிந்திருக்கிறது. ஒரு இடத்துக்குப் போனால் அதன் ஜோடிக்கும் போக வேண்டும். நான் சொல்ல வருவது இவ்வளவுதான்.

இது அதிக நேரம் கேட்கும் திட்டமில்லை. பத்து இடத்தை ஆறாகக் குறையுங்கள், அந்த ஆறையும் மூன்று ஜோடியாக்குங்கள். விசா காசு வீணாகாது. போட்டோவும் எடுங்கள், யார் வேண்டாமென்றது? 'இந்த இடத்தில் என்ன செய்யலாம்' என்ற கேள்வியோடு கூடவே 'இந்த இடத்தில் என்ன செய்தார்கள்' என்றும் ஒருமுறை கேளுங்கள். நம்முடைய சொந்தத் துறைமுகங்களுக்கும் கோயில் ஊர்களுக்கும் போகும்போதும் இதே கேள்வி பொருந்தும், ஆனால் அது வேறு கட்டுரை, வேறு சண்டை.

நண்பனுக்குக் கடைசியில் அனுப்பியது இது:

"லிஸ்ட் இல்லடா. மூணு ஜோடி சொல்றேன், போதும்.

முதல் நாள் சாயங்காலம் பெரிய சதுக்கத்துக்குப் போ, நல்லா ரசி. அங்கருந்து சாபா கடைக்கு நடந்து போ. போற வழில 1938ஐ நெனச்சுக்கோ.

மறுநாள் காலைல கஃபே சான் மார்கோ. கபோ இன் பி குடி. அங்கருந்து ஸ்டேஷனுக்கு நட. சிலோஸைச் சுத்திப் பார்த்துட்டு, சாயங்காலம் சிசி சிலைகிட்ட வா. யாராச்சும் டிக்கெட் மிஷின்ல முழிச்சிட்டு நின்னா உதவி பண்ணு. ஐடி கார்டைப் பையில வச்சுக்கோ.

நடுவுல நேரம் இருந்தா பஸ் புடிச்சு பாசோவிட்சா போ. ரெண்டு நினைவிடமும் அந்த ஊரை ஒட்டித்தான். ரெண்டுக்கும் போ, ஒண்ணுக்கு மட்டும் போய்ட்டு வந்துராத. மேல சொமாக்கோ செவப்பா இருக்கும். ரோட்டு முக்குல இலைக்கொத்து கட்டித் தொங்கவிட்டு அம்புக்குறி போட்டிருந்தா, அந்த வழில ஒஸ்மிட்சா தெறந்திருக்குன்னு அர்த்தம். 1784ல ஜோசஃப் ராஜா போட்ட உத்தரவு, விவசாயி எட்டு நாள் ஒயின் வித்துக்கலாம்னு. 'ஓசெம்'னா ஸ்லோவேனியத்துல எட்டு. அதான் அந்தப் பேரு. அவிச்ச முட்டையும் தெர்ரானோ ஒயினும் கெடைக்கும்.

போரா அடிச்சா பயப்படாத. மேட்டுலேருந்து எறங்கற காத்து, மணிக்கு 150 கிலோமீட்டரெல்லாம் தாண்டும். அந்தக் காலத்துல ஜனங்க புடிச்சு நடக்கத் தெருவுல கயிறு கட்டுவாங்களாம். இப்ப கயிறு கெடையாது, பக்கத்துல போறவங்க கையைப் புடிச்சுக்கோ.

மிராமாரேயை விட்டுடு. பாலத்துல செல்ஃபி எடு, அம்மாவுக்கு அனுப்பு."

இரண்டு ப்ளூ டிக் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது.

"டேய், இது லிஸ்ட்தானேடா?"

ஆமாம். லிஸ்ட்தான். என்ன பண்றது, இன்ஜினியர் புத்தி. ஆனால் இதை அழிக்கத் தோன்றவில்லை.